மயில் நின்ற இடம்

என் மடிக்கணினி எத்தனை சதவீத சார்ஜில் அணைகிறது என்று எண்ணி எண்ணிச் சலித்து, பெரிய காஞ்சிபுரத்தில் பழுது பார்க்கும் கடைக்குப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். நரைத்த மீசை, காதோரம் ஒட்டிய பட்டு நூல். பாவு பிணைக்கிறவராம். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீருமுன் புதுப் பாவு நூலை இழை இழையாக அதோடு முறுக்கிச் சேர்க்கும் வேலை. சும்மா இருக்கும்போதும் விரல்கள் இல்லாத இழையை முறுக்கிக்கொண்டிருந்தன.

அவர் மகளின் கணினியில் பேட்டரி உப்பியிருந்தது. அந்தக் கணினியில்தான் கல்யாணச் சேலையின் மயில் டிசைன். வேறு பிரதி இல்லை. பாதிச் சேலை தறியில் நின்றது.

"புதுச மாட்டிட்டு அப்புறம் பழச எடுபா" என்றார் பெரியவர்.

"கழட்டினாதாங்க மாட்ட முடியும். டிசைன் எங்கியும் போவாது" என்றார் கடைக்காரர்.

பேட்டரி வெளியே வந்ததும் பெரியவரின் விரல்கள் நின்றன. மின்விசிறி கனவில் சுற்றுவதுபோல் சுற்றியது. புது பேட்டரி உட்கார்ந்து, திரை நீலமாக விழித்து, மயில் தோகையோடு வந்த பிறகே விரல்கள் மீண்டும் முறுக்கின.

"நடுவுல பேட்டரியே இல்லியே சார். அப்ப இது எங்க நின்னுக்கினு இருந்துது?" என்று என்னைக் கேட்டார்.

"டிஸ்க்கில்" என்றேன். மரியாதைக்குத் தலையாட்டினார்.

நான் சொன்னது சரியான பதில்தான். ஆனாலும் இப்போதெல்லாம் கணினியை அணைத்த பிறகு, கறுத்த திரையின் முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.