குரல் காணாது என்று சொன்னேன்

ஒரு நல்ல நடிகரின் குரலைப் பற்றி நான் பொய் சொன்னேன். அவருடைய குரல் காணாது, போதாது, பின்வரிசைக்கு எட்டாது என்று சொன்னேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். ஐம்பது வருடமாக அதைத் திருத்தவும் இல்லை. இதை இப்போது எழுதுவது மன்னிப்புக்காக அல்ல. கேட்க வேண்டியவரிடம் கேட்டாயிற்று. ஆனால் அந்தப் பொய்யைப் பலர் அறிவார்கள். உண்மையையும் அத்தனை பேராவது அறிய வேண்டும்.

அவரை நான் முதலில் கண்டது யாழ்ப்பாணத்துத் திரையரங்கு ஒன்றின் வாசலில். டிக்கெட் கிழித்துக்கொண்டு நின்றார். குருநகர்க்காரர், கடலுக்குப் போகும் குடும்பம். இவருக்கு மட்டும் படகில் ஏறினால் வாந்தி வரும் என்பதால் திரையரங்கில் வேலை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். நான் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் நிலபுலம் உள்ள கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். கணித ஆசிரியராகச் சேர்ந்த புதிது. ஞாயிறு காலைகளில் ஆங்கிலப் படம் போடுவார்கள். நாங்கள் கதாநாயகனைப் பார்க்கப் போவோம். அவர் பார்த்துக்கொண்டிருந்தது வேறொருவரை.

"மாஸ்ரர், உந்த நீதவானைக் கவனிச்சனீங்களே? போன படத்திலை சாராயக்கடைக்காரன். அதுக்கு முந்தினதிலை மாட்டு வைத்தியர். எல்லாம் ஒரே ஆள்."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் அந்த முகம் பிடிபட்டது. தொங்கிய கன்னங்கள், தூக்கம் கலையாத கண்கள், எந்தப் படத்திலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் இல்லாத ஓர் அமெரிக்க நடிகர். பெயர் எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. எழுத்துக்கள் ஓடும்போது அவருடைய பெயர் கூட்டத்தோடு கூட்டமாக ஓடிவிடும். நாங்கள் 'எங்கடை ஆள்' என்போம். கதாநாயகன் எல்லாப் படத்திலும் கதாநாயகனாகவே இருந்தார். எங்கடை ஆள் வந்தால்தான் அந்த ஊருக்கு ஒரு நீதிமன்றமும் கடையும் இருப்பது நம்பும்படியாகும். அவர் தொப்பியைக் கழற்றுவதை மட்டும் என் நண்பர் காட்சிக்குக் காட்சி பார்த்தார். நீதவான் கழற்றும் விதம் வேறு, கடைக்காரன் கழற்றும் விதம் வேறு.

"எங்கடை பக்கத்திலை தொப்பி இல்லை. ஆனா சால்வை இருக்கு," என்றார்.

எங்கள் ஊர் நாடக மன்றத்துக்கு அவரை நான்தான் அழைத்து வந்தேன். நாடகத்தை எழுதுவதும் பழக்குவதும் கதாநாயகனாக நடிப்பதும் நான். அவருக்கு விதானையார், தரகர், தபாற்காரர், பொலிஸ்காரர் என்று சின்ன வேடங்கள். தரகராக வந்தால் சால்வை தோளில் விறைப்பாக நிற்கும். கடன்காரனாக வந்தால் கக்கத்துக்குள் ஒளிந்திருக்கும். எங்கள் வாடகை ஒலிவாங்கி பாதி நேரம் கீச்சிடும், அணைத்துவிட்டுத்தான் நடிப்போம். அப்போது நாங்கள் எல்லோரும் கத்துவோம். அவர் கத்தமாட்டார். தணிந்த குரலில் சொல்வார். நான் கடைசி வரிசை வாங்கில் போயிருந்து கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் வந்து சேரும்.

அந்தக் குரலைக் காதில் வைத்துக்கொண்டே ஒரு நாடகம் எழுதினேன். கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் மகன், தோட்டத்தில் வேலை செய்யும் தகப்பனை அயலாருக்கு மறைத்து வாழ்கிறான். கடைசியில் ஊருக்கு வந்து தகப்பனின் காலில் விழுகிறான். தகப்பன் அவனைத் தூக்காமல் நின்றபடி பேசுகிறார். அந்தப் பேச்சுத்தான் நாடகம். மகன் நான், தகப்பன் அவர். அவருக்கு அப்போது முப்பது வயது. தகப்பனுக்கு எழுபது. வேடம் கிடைத்த அன்று அவர் சைக்கிளில் குருநகருக்குப் போகாமல் எங்கள் சந்தியிலேயே சுற்றிக்கொண்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒத்திகை எங்கள் சனசமூக நிலைய மண்டபத்தில் நடந்தது. ஒரு நாள் என் மாமா வந்து பார்த்தார். நிலையத்தின் தலைவர் அவர். எனக்குத் தன் மகளைத் தரப் பேசிக்கொண்டிருந்தவரும் அவரே. ஒத்திகை முடிந்ததும் என்னைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிப் போனார்.

"நீ என்ன, உண்மையாவே அந்தாளின்ரை காலிலை விழப்போறியோ?"

"நாடகம்தானே மாமா."

"நாடகம் முடிய எல்லாரும் வீட்டை போவினம். நீ விழுந்தது மட்டும் இஞ்சை கிடக்கும்."

குற்றத்தை மாமா மேல் போட எனக்கு மனமில்லை. சாதி பார்க்காதவன் என்று மேடையில் பேசித் திரிந்தவன் நான். குருநகரில் அவர் வீட்டில் சோறும் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அத்தனை நாள் ஒத்திகையில் ஒரு தடவையாவது நான் குனியவில்லை. அந்த இடம் வந்ததும், "இதிலை நான் விழுவன், சரி, நீங்கள் தொடங்குங்கோ அண்ணை," என்று சொல்லிக்கொண்டு நின்றேன். என் முழங்காலுக்கு மாமா சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

காட்சியை வெட்டியிருக்கலாம். அது நான் எழுதியதிலேயே நல்ல காட்சி. வெட்ட மனம் வரவில்லை. அதனால் அவரை வெட்டினேன். அடுத்த நாள் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்: "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. பெரிய வசனம் இது. உங்கடை குரல் காணாது, பின்னுக்கு எடுபடாது. காவற்காரன் வேசம் இருக்கு, அதைச் செய்யுங்கோ."

அவர் மண்டபத்தின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். "அப்பிடியே மாஸ்ரர்? எனக்குத் தெரியேல்லை. சரி."

தகப்பன் வேடத்தை வங்கியில் வேலை செய்த என் மச்சானுக்குக் கொடுத்தேன். அவன் வசனத்தை வாய்ப்பாடு போல ஒப்புவித்தான். நான் அவன் காலில் விழுந்தேன். சனம் கைதட்டியது. மாமா மகளைத் தந்தார்.

பொய்க்கு என்னைவிட நல்ல கால்கள் இருந்தன. வானொலிக்குக் குரல் தேடிக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தபோது எங்கள் மன்றத்தவர்களே சொல்லிவிட்டார்கள்: "நல்ல நடிகர்தான், ஆனா குரல் இல்லை." வேறு மன்றங்களும் அப்படியே எடுத்துக்கொண்டன. அதன் பிறகு அவருக்குக் கிடைத்ததெல்லாம் பேசாத வேடங்கள். விளக்குப் பிடிப்பவர், கதவு திறப்பவர், கூட்டத்தில் நிற்பவர். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போன ஊர்களிலும் நடித்தார். திரும்பி வந்த பிறகு இளைஞர்களின் குறும்படங்களில் நடித்தார். இரண்டில் பிணம். "படுத்திருந்து காசு வாங்கிற வேலை," என்று சிரித்தாராம்.

அண்மையில் முழுநீளப் படம் எடுக்கும் இளைஞர்கள் சிலர் என் வீட்டுக்கு வந்தார்கள். தகப்பன் பாத்திரத்துக்கு என்னைக் கேட்டார்கள். நான் குருநகர்க்காரரைச் சொன்னேன். இயக்குநர் பொடியன் தயங்கினான்.

"அவரைத் தெரியும் ஐயா. முகம் திறம். ஆனா குரல் காணாதெண்டு சொல்லுறாங்கள். அந்தக் காலத்திலையே அப்பிடியாம்."

அவன் பிறக்குமுன் நான் சொன்ன சொல். அதை என் வீட்டு விறாந்தையில், என் தேநீரைக் குடித்துக்கொண்டு, எனக்கே திரும்பிச் சொன்னான். "சொன்னது நான்தான் தம்பி. அது பொய்," என்றேன். அவர்கள் போன பிறகு வேட்டியை மாற்றினேன். முழங்கால் வலியைச் சொல்லி மனைவி மறித்தாள். நான் நிற்கவில்லை. பேருந்தில் யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து ஆட்டோவில் குருநகர் போனேன்.

வாசலில் கதிரை போட்டு இருந்தார். நான் உட்காருவதற்கு முன்பே முழுவதையும் சொன்னேன். மாமா, கிணற்றடி, காலில் விழுவது, பொய்.

"காலிலை விழுற விசயம் எண்டு எனக்கு அப்பவே தெரியும்," என்றார் கடைசியில். "நீர் ஒத்திகையிலை ஒருநாளும் குனியேல்லை. அது தெரிஞ்சதுதான். ஆனா குரல் எண்டதை நான் நம்பிப்போட்டன். படிச்ச மனுசன், எழுதின மனுசன் சொல்லுறார், சரியாத்தான் இருக்கும் எண்டு. அதுக்குப் பிறகு வாய் திறக்கேக்கை எல்லாம் பின்வரிசையைத்தான் பாத்தன். ஒருத்தன் காதுக்குக் கைவைச்சா வசனம் நிண்டிடும்."

அதுவரை அவர் என்னை 'நீங்கள்' என்றுதான் சொல்லி வந்திருந்தார். 'நீர்' என்பது சமமானவனிடம் சொல்வது.

அவர் குரலுக்கு இப்படி ஆனது எனக்குத் தெரியாது. ஒரு வேடத்தைத்தான் பறித்தேன் என்று நினைத்திருந்தேன். "இப்ப உங்கடை காலிலை விழட்டோ அண்ணை?" என்று கேட்டேன்.

"உம்மடை முழங்கால் கிடக்கிற கிடைக்கு, விழுந்தா நான்தான் தூக்கவேணும். பேசாமல் இரும்."

படத்தில் தகப்பன் பாத்திரம் இருப்பதைச் சொன்னேன். அவர் கையை வீசினார். "முப்பதிலை எழுபதை நடிக்கிறதுதான் நடிப்பு. எண்பதிலை எண்பதை நடிக்க என்னத்துக்கு நடிகன்? உந்தப் படத்திலை வேறை என்ன கிடக்கு?"

"ஒரு காணித் தரகர். நாலு காட்சி. வாய் ஓயாமல் பேசிறவன்."

"அது வேணும்." கதிரையை என் பக்கம் திருப்பினார். "இன்னொண்டு. குரல் காணாதெண்டு எந்த இடத்திலை சொன்னீரோ அந்த இடத்திலை, உம்மடை சனத்துக்கு முன்னாலை, காணும் எண்டு சொல்லும். நான் வந்து அந்தப் பேச்சைப் பேசிறன். நீர் பின்னுக்கு நிண்டு கேளும்."

எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பேசுவது வழக்கம். விழாக் குழுவில் என் மச்சானின் மகன் இருந்தான். விசயத்தை மோப்பம் பிடித்து வந்தான்.

"மாமா, உதெல்லாம் இப்ப ஏன் கிண்டுறியள்? ஆரும் சாதி பாக்கிற காலமே இது?"

"பாக்காத காலமெண்டா நான் சொல்லுறதாலை ஆருக்கு என்ன நட்டம்?" என்றேன். நிகழ்ச்சி நிரலிலிருந்து என் பெயரை எடுத்தால் விழாவன்று வாசலில் நின்று பேசுவேன் என்றும் சொன்னேன். எடுக்கவில்லை.

பேசினேன். கிணற்றடியை விடவில்லை, மாமாவை விடவில்லை, என் முழங்காலையும் விடவில்லை. முன்வரிசையில் என் மனைவியின் தம்பி எழுந்தார். அவரோடு இன்னும் சிலர் எழுந்து போனார்கள். கதிரைகள் சீமெந்தில் இழுபடும் சத்தம் அடங்கும்வரை பொறுத்து நின்று மிச்சத்தையும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. தட்ட அதில் எதுவும் இல்லை.

குருநகர்க்காரர் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஏறினார். "மைக்கை நிப்பாட்டுங்கோ. காத்தாடியையும் நிப்பாட்டுங்கோ," என்றார். வெக்கை கவிந்தது. சனம் அழைப்பிதழால் விசிறிக்கொண்டது. நான் கடைசி வரிசைக்குப் பின்னால் போய்ச் சுவரோடு நின்றேன்.

சால்வையைத் தோளிலிருந்து எடுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார். காலடியில் ஒருவன் கிடப்பதைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. ஆனாலும் மண்டபம் முழுவதும் அந்த இடத்தைப் பார்த்தது.

"எழும்படா. மண்ணிலை கிடக்கிறதுக்கே உன்னைக் கொழும்புக்கு அனுப்பினனான்?"

முதல் வரி என்னிடம் வந்து சேர்ந்தது. அடுத்ததும் வந்தது. அதற்குப் பிறகு குரல் தளர்ந்தது. அவர் உதடுகள் அசைந்தன. நடுவில் வந்த வரிகள் எனக்குத் தெரிந்தது நான் எழுதியவை என்பதால்தான். முன்வரிசையில் ஒரு பெண் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. என் பக்கத்தில் நின்றவர், "என்ன சொல்லுறார்?" என்று கேட்டார். மேடையில் அவர் ஓரிடத்திலும் நிற்காமல் கடைசிச் சொல் வரை பேசி முடித்தார்.

வாசல் படலையடியில் ஆட்டோவுக்காகக் காத்து நின்றபோது கேட்டார்.

"பின்னுக்குக் கேட்டதோ?"

கேட்டது என்று சொல்வது மிகச் சுலபம். அவருக்கு எண்பது கடந்துவிட்டது. யார் குறை சொல்லப் போகிறார்கள்? ஆனால் அந்தக் குரலைப் பற்றி இன்னொரு பொய் சொல்வதில்லை, நன்மைக்காகவும் இல்லை என்று தீர்மானித்திருந்தேன்.

"பாதிதான் கேட்டது அண்ணை."

அவர் தலையாட்டினார். "அப்ப?"

"எப்ப?"

"முப்பதிலை."

"கடைசி வாங்கிலை இருந்து கேட்டனான். ஒரு சொல்லும் தவறேல்லை."

நான் முதல் பதிலில் பொய் சொல்லவில்லை என்பதால்தான் அவர் இரண்டாவதை நம்பினார் என்று நினைக்கிறேன். "சரி. அதை அறியத்தான் வந்தனான்," என்று சொல்லி ஆட்டோவில் ஏறினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மனைவியின் தம்பி வீட்டார் எங்களோடு கதைப்பதில்லை. "சொன்னது நல்லதுதான். ஆனா அவையின்ரை பெட்டையின்ரை கலியாணத்துக்கு என்ன முகத்தோடை போறது?" என்று மனைவி கேட்டாள். அழைப்பு வந்தால் போவோம் என்றேன். வரவில்லை.

படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. தரகருக்கு இன்னும் இரண்டு வசனம் வேண்டும் என்று அவர் அடம்பிடிப்பதாக இயக்குநர் தொலைபேசியில் முறையிட்டான். அன்றே எழுதி அனுப்பினேன். ஒன்றை வைத்துக்கொண்டாராம். மற்றது ஆசிரியர் பேசுவது போல் இருக்கிறது, தரகன் இப்படிப் பேசமாட்டான் என்று வெட்டச் சொல்லிவிட்டாராம்.