ஆயுத பூஜையில் ஓய்வெடுத்த இன்குபேட்டர்

என் மனைவி இளவேனில் ஆரணிக்காரி. பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் நரம்பு செல் வளர்க்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சாப்பிட்டேனா என்று கேட்டதைவிட, அந்தச் செல்களுக்குத் தீனி வைத்தோமா என்று அவள் பதறியதுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பிவிடுவாள். "அதுங்களுக்கு லீவு தெரியுமா ஹரிஷ்?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் மெட்ரோ ஸ்டேஷன் வரை வண்டியில் கொண்டுபோய் விடுவது நான்தான்.

நடக்கும்போது தள்ளாடும் ஒரு சிறுமியின் ரத்தத்திலிருந்து உருவாக்கிய செல்கள் அவை. நோயாளியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். இவளாகவே 'பாப்பா' என்று வைத்துக்கொண்டாள். செல்லுக்குள் டிஎன்ஏ இழை அடிக்கடி அறுந்துபோகுமாம். நரம்பு செல் கிளைவிட்டு வளரும்போதும் அறுமாம். அதை ஒட்டவென்றே சில புரதங்கள் இருக்கின்றன. பாப்பாவுக்கு அதில் ஒன்று இல்லை. அவள் செல்கள் குட்டையாகவே நின்றுவிட்டன. செல் வளரும் தட்டுகளில் பாதியில் அந்தப் புரதம் உண்டாகும்படி இளவேனில் செய்திருந்தாள். இனி கிளை நீளுமா? மாதக்கணக்கில் எங்கள் வீட்டில் பேச்சும் மூச்சும் இதுதான்.

அப்போது ஆயுத பூஜை வந்தது. ஆய்வுக்கூடத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள், போனேன். மைக்ராஸ்கோப்புக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பூஜையை நடத்தியவர் ஆய்வுக்கூடத்தின் மேலாளர் அனந்தபத்மநாபன், மல்லேஸ்வரத்துக்காரர், இளவேனில் மேல் உயிரையே வைத்திருப்பவர். பூஜை முடிகிறவரை கருவிகள் ஓய்வெடுக்க வேண்டும் என்பதில் கறார். வழக்கம்போல கருவிகள் இருக்கும் அறையின் மெயின் ஸ்விட்சை அணைத்தார். செல்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரைப் போன வாரம்தான் அந்த அறைக்கு மாற்றியிருந்தார்கள். அது அவருக்கு நினைவு வரவில்லை.

பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை தின்று, ஊர்க்கதை பேசிவிட்டு உள்ளே போன இளவேனில் அலறினாள். இன்குபேட்டரின் சூடு இறங்கிப்போயிருந்தது.

"என் கையாலயே பண்ணிட்டேனேம்மா!" என்றார் அனந்தபத்மநாபன்.

அவள் திட்டவில்லை. மெயின் ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அது திட்டுவதைவிட மோசம். எனக்கு அனுபவம் உண்டு. வீட்டுக்கு வந்ததும், "பாப்பாவ சாகடிச்சிட்டோம்பா" என்று விம்மி விம்மி அழுதாள்.

செத்ததுக்கு என்ன தீனி என்று மறுநாள் விஜயதசமிக்கு அவள் கிளம்பவே இல்லை. லீவு முடிந்து செல்களைப் பார்க்கப் போனபோது நானும் துணைக்குப் போனேன். அனந்தபத்மநாபன் வாசலிலேயே நின்றிருந்தார், காபிகூடக் குடிக்காமல்.

புரதம் இல்லாத தட்டுகளில் செல்கள் சுருங்கி மிதந்தன. புரதம் சேர்த்த தட்டைப் பார்த்தவள் என் சட்டைக் காலரைப் பிடித்து மைக்ராஸ்கோப் பக்கம் இழுத்தாள். சூடு இறங்கியும் செல்கள் பிழைத்து, மெல்லிய கிளைகள் நீண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

"பெருமாளே!" என்று கைகூப்பினார் அனந்தபத்மநாபன்.

"ஒரு தடவை நடந்தா யாரும் நம்ப மாட்டாங்க சார். ஏதோ தற்செயல்னுடுவாங்க. புதுசா வளர்த்து, மறுபடியும் இதே மாதிரி சூட்டை இறக்கிப் பார்க்கணும்."

"பாரும்மா. நான் அந்தப் பக்கமே வரல."

"அப்போ எப்படி சார்? நீங்கதான் வந்து அணைக்கணும்."

பண்டிகையிலிருந்து விளக்கு ஸ்விட்சைக்கூடத் தொட மறுத்த மனிதர், அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். நான் கொடுத்துவைத்தவன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.