வீராயியின் சத்து மாத்திரைப் புட்டி

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்தவர்களுக்குத் தெரியும்: நாம் கொடுக்கும் மருந்தைக் குடிப்பார்கள், நம் பேச்சை மட்டும் கேட்க மாட்டார்கள். மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து சண்டை போட்ட அவசரகாலத்தில், புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் அந்த வேலையில்தான் இருந்தேன்.

வாரத்துக்கு ஒன்று

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வீராயிக்கு முட்டிவலி. என் கலர் தண்ணீர் மருந்தில் நம்பிக்கை போய், டவுன் கடையில் வாங்கிய சத்து மாத்திரைப் புட்டியோடு வந்து நின்றாள். லேபிளைப் படித்தேன். வைட்டமின் டி, வீரியம் அதிகம். வாரத்துக்கு ஒன்றுதான் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, என்னைக் கேட்காமல் கடை மருந்து வாங்கினால் இனி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதே என்று கத்தித் தொலைத்தேன்.

அவள் புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டே, "பால் வெட்டு தினமும் இருக்கு, மாத்திரை மட்டும் வாரத்துக்கு ஒண்ணா டிரசரய்யா?" என்றாள்.

பெரட்டில் ஓர் அறிவிப்பு

அப்போது ஆட்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. வேலைக்குப் போகும்போது வாசலில் சோதனை. சோறோ மருந்தோ வெளியே போகக் கூடாது, காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடுமாம். பக்கத்துத் தோட்டத்தில் வீட்டில் மருந்து வைத்திருந்த ஒருவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. உடனே எங்கள் துரை உத்தரவு போட்டார். காலைப் பெரட்டில், பேர் கூப்பிட ஆட்கள் வரிசையாக நிற்க, "எவர் வீட்டிலும் மருந்து மிச்சம் இருக்கக் கூடாது" என்று நான்தான் தொண்டை கிழியச் சொன்னேன். மிச்சம் இருந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை.

ஆட்களை மேய்க்கும் மண்டோர் சிரித்துக்கொண்டே, "இன்னிக்குத்தான் டிரசரய்யா உங்க பேச்சு எல்லார் காதுலயும் விழுந்துச்சு லா" என்றார்.

பால் டின்

மூன்று வாரம் கழித்து வீராயிக்கு ஓயாத வாந்தி. எந்நேரமும் தாகம், எந்நேரமும் ஒன்றுக்கு. ஆள் பாதியாகிவிட்டாள். புட்டியை நான் மறந்தே போயிருந்தேன். உடம்பில் தெம்பில்லை என்று முடிவு கட்டி, இரண்டு பால் டின் கொடுத்து நிறையக் குடிக்கச் சொன்னேன். அந்த மாத்திரை உடம்பில் ஏறியவருக்குப் பாலே ஆகாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அவள் புருஷன் கருப்பையா காலி டின்னோடு ஓடிவந்து, "பால் குடிச்சதுலேர்ந்து இன்னும் மோசமாயிருச்சுய்யா, கொஞ்சமா குடுத்துட்டமோ?" என்று கேட்டான்.

கடைசிக் கட்டில்

லோரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன, சத்து மாத்திரை அளவு மீறியதுதான் காரணம் என்றார் டாக்டர். கருப்பையா அப்போதுதான் விஷயத்தைச் சொன்னான். புட்டியை வேலிக்கு வெளியே எறிந்தால் காட்டுக்காரர்களுக்கு வைத்ததாகிவிடும். உள்ளே எறிந்தால் யார் வீட்டு மருந்து என்று கேட்பார்கள். என்னிடம் கொண்டுவந்தால் நான் கத்துவேன். சத்துதானே, வயிற்றுக்குள் இருந்தால் யார் சோதிக்கப்போகிறார்கள் என்று, சோதனை வருவதற்குள் வேளைக்கு நாலைந்தாகத் தின்று தீர்த்திருக்கிறாள்.

கடைசிக் கட்டிலில் முகம் வீங்கிப் படுத்திருந்தாள். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அவளோ நான் திட்டத்தான் வந்திருக்கிறேன் என்று பயந்து, மெல்ல எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணுகூட மிச்சம் வைக்கல டிரசரய்யா" என்றாள்.

நாலாம் நாள் அவளை அடக்கம் செய்தோம். இத்தனை வருட டிரசர் வேலையில் என் பேச்சை ஒருத்தி அட்சரம் பிசகாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான்.