தினம் ஒரு புது முகவரி

மார்ச் 4 — 1
மார்ச் 5 — 2
மார்ச் 6 — 3
மார்ச் 11 — 8
மார்ச் 20 — 17

எங்கள் குடியிருப்பின் வைஃபை பெட்டியில் வந்து ஒட்டிக்கொண்ட, யாருடையதென்று தெரியாத கருவிகளின் மொத்தம் இது. ஒவ்வொரு கருவிக்கும் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த பன்னிரண்டு எழுத்தில் ஒரு முகவரி உண்டு. சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் வீடு வீடாகப் போய் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதியிருந்தேன். காலையில் பெட்டியின் பட்டியலோடு ஒப்பிட்டால், பதிவேட்டில் இல்லாத முகவரி தினம் ஒன்று புதிதாக வந்தது.

பெட்டியைப் பராமரித்தவரை ‘ஏணி’ என்போம். ஸ்கூட்டரின் பக்கவாட்டில் மடக்கு ஏணியைக் கட்டிக்கொண்டுதான் வருவார். நாற்பத்தாறு வயது. முதலில் மொட்டைமாடிகளில் ஆன்டெனா திருப்பினார், பிறகு கேபிள் இழுத்தார், ஒன்பது வருடமாக இந்த வேலை. மதியச் சாப்பாட்டை மாடிப்படியில் நின்றபடியே முடித்துவிடுவார். கம்பெனியில் அவர் மேல் ஏற்கெனவே இரண்டு புகார்கள். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும் என்று அவரே ஒருமுறை சொல்லியிருந்தார்.

மார்ச் 3 அன்று பெட்டியின் செட்டிங்கை மாற்ற வந்தார். பக்கத்திலேயே நின்றேன். சேனலை ஆறிலிருந்து பதினொன்றுக்கு மாற்றினார். பவரைப் பாதியாகக் குறைத்தார். பிறகு வைஃபையின் பெயரையே மறைத்தார்.

“ஏம்ப்பா, பேரை எதுக்கு மறைக்கிறே?”

“எதிர்க் கடைக்கு வர்றவங்க பேரைப் பாத்துட்டு பாஸ்வேர்டு போட்டுப் பாக்கறாங்க சார்.”

“பவரையும் குறைச்சிட்டியே?”

“தெருவுக்கு எதுக்கு சார் சிக்னல்? வீட்டுக்குள்ள வந்தாப் போதாதா?”

பதிலில் குறை இல்லை. ஆனால் மறைத்த மறுநாளே முதல் அந்நியன் உள்ளே வந்துவிட்டான். பெயரை வெளியாருக்குச் சொன்னவர் இவர்தான் என்று மனம் முடிச்சுப் போட்டது.

சங்கப் பொருளாளர் என் சந்தேகத்தை ஊதிவிட்டார். “மனுஷங்ககிட்ட வாயைத் திறக்கமாட்டான், பெட்டிகிட்ட மட்டும் மணிக்கணக்கா முணுமுணுக்கிறான். நம்ம லைனை எவனுக்கோ வித்துட்டான் சார்!”

18ஆம் தேதி கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். 20ஆம் தேதி ஏணியை வரவழைத்து, புகாரைப் பற்றி மூச்சு விடாமல், அந்நிய முகவரிகளைக் குறித்துவைத்த தாளை மட்டும் நீட்டினேன். படியில் உட்கார்ந்து பதினேழு வரிகளையும் விரல் வைத்துப் படித்தார்.

“எல்லாத்துலயும் ரெண்டாவது எழுத்தைப் பாருங்க சார். 2, 6, A, E. இந்த நாலுல ஒண்ணுதான் வருது. இது மெஷின் தானா வெச்சுக்கிட்ட பொய்ப்பேரு. தினம் ஒண்ணுதானே வருது? பதினேழு பேர் இல்ல, ஒரே ஆளு.”

கையில் போனை வைத்துக்கொண்டு, அந்தக் கருவியின் சிக்னலைத் தேடி மாடி மாடியாக ஏறினார். என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே என் மருமகள், 4ஆம் தேதி அலுவலகத்தில் கொடுத்த லேப்டாப்பில் வேலை செய்துகொண்டிருந்தாள். அதில் ‘முகவரியைத் தினமும் மாற்று’ என்ற இடத்தில் குறி போட்டிருந்தது.

“ஆபீஸ்லயே அப்படித்தான் வெச்சுக் குடுத்தாங்க மாமா. ஊர்ல எல்லாரையும் கேட்டீங்க, நம்ம வீட்ல கேக்கலையே!”

ஏணி குறியை எடுத்துவிட்டு, லேப்டாப்பின் நிஜ முகவரியை என் பதிவேட்டில் எழுதவைத்தார். கிளம்பும்போது, “சார், கம்பெனிக்கு எதுவும் எழுதிடலையே?” என்றார்.

“பாக்கலாம்ப்பா” என்றேன்.

அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. என் வீட்டைக் காட்டிவிட்டு வேறு எதையாவது மறைக்கிறாரோ என்று தோன்றியது. 21, 22, 23 மூன்று நாளும் பட்டியலைப் பார்த்தேன். புதிய முகவரி ஒன்றுகூட வரவில்லை. 24ஆம் தேதி, புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் தவறு என்னுடையது என்றும் எழுதி அனுப்பினேன்.

கம்பெனியின் பதில் நான்கே வரி. 18ஆம் தேதிப் புகாரின் பேரில் அந்த ஊழியர் 23ஆம் தேதி மாலை வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதற்குப் பின் எழுதிய கடிதத்தை ஏற்க இயலாது. அது என் கைக்கு வந்த நாள் ஏப்ரல் 2.