அவர் வாசித்துக் காட்டிய காமிக்ஸ்

என் வீட்டுக்காரர் ஜீப்பு டிரைவர். விடியற்காலையில் போடியிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போவார்; சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடுவார். ஐம்பதை நெருங்கியும் காமிக்ஸ் படிப்பதை அவர் விடவில்லை. பறந்து போய்ப் பாலங்களைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு வீரனின் கதை. புது இதழ் வந்தால் பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் அவருக்கென்று எடுத்து வைத்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முறத்தில் ஏலக்காயைக் கொட்டிப் பிஞ்சும் பொட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் புத்தகத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்றைக்கும் இல்லாத வழக்கம்.

"இங்கேரு புள்ள, இதக் கேளேன். இந்தத் தடவ இவனுக்கே ஒடம்பு விட்டுப்போகுது. சட்டைப் பித்தான் போட முடியல. கால் மரத்துப் போகுது. வெளிய சொல்லப் பயந்துக்கிட்டு, பழையபடி பறக்கவும் போறான்."

நான் நிமிரக்கூட இல்லை.

"பொம்மப் புஸ்தகம் படிக்கிற வயசா இது? குழாயில தண்ணி வந்துருச்சு. வெரசா ரெண்டு குடம் கொண்டாங்க."

அவர் எழுந்து போனார். முதல் குடம் வாசலிலேயே கை நழுவி விழுந்தது. அதற்கும் நான் திட்டினேன்.

பத்து நாள் கழித்து மலையிலிருந்து இறங்கும்போது, ஒரு வளைவில் அவர் கால் பிரேக்கை அழுத்தவில்லை. அழுத்துவதாகத்தான் நினைத்தாராம். ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்து ஜீப்பைப் பாறையில் மோத விட்டிருக்கிறார். யாரும் சாகவில்லை. சிலமலை ஊர்க்கார அக்கா ஒருத்தருக்கு மட்டும் தோள் எலும்பு முறிந்தது.

தேனியில் நரம்பு டாக்டர் அவருடைய கையையும் காலையும் தட்டிப் பார்த்தார்.

"இது ஆறேழு மாசமாவே இருந்திருக்கணுமே. வீட்டுல சொல்லலையா?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இல்ல சார். யார்ட்டயும் சொல்லல."

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த இதழைத் தேடி எடுத்துப் படித்தேன். படம் பார்த்துப் படிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அரை மணி நேரத்தைத்தான் அவர் அன்றைக்கு என்னிடம் கேட்டிருக்கிறார்.

"ஏங்க, நீங்க எங்கிட்டச் சொன்னீங்க. நாந்தான் காதுல வாங்கல," என்றேன்.

"விடு. அன்னைக்கு உனக்குச் சோலி கெடந்துச்சு."

திட்டியிருந்தால் என் மனசு ஆறியிருக்கும்.

இப்போது அவர் ஜீப்பு ஸ்டாண்டில் ஆள் ஏற்றிவிடுகிறார். மாத்திரையில் கால் மரத்துப்போவது கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. சட்டைப் பித்தானை நான்தான் போட்டுவிடுகிறேன்.

சிலமலைக்கு இரண்டு தடவை போய்வந்தேன். அந்த அக்காவுக்குக் கை இன்னும் தோளுக்கு மேல் எழும்பவில்லை. தோட்ட வேலைக்கும் போவதில்லை. ஆனாலும் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே மட்டும் மலைப்பக்கம் திருப்பலேன்னா நாங்க பன்னெண்டு பேரும் பள்ளத்துலதான் தாயி. அவருக்கே தெரியாத நோவுக்கு அவரு என்ன பண்ணுவாரு?"

அவருக்குத் தெரியும், எனக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதான் என்று சொல்லத்தான் போனேன். இரண்டு தடவையும் காப்பியைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.