துண்டு சுற்றிய இருபது நிமிடம்

மெழுகு உருகும் வாசனை வந்தால் எனக்குக் கோயில் நினைவு வராது, சர்ச் நினைவும் வராது. சிம்மக்கல் பக்கம் நான் முதன்முதலில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி ரூம்தான் வரும்.

எலும்பு முறிந்து கட்டுப் பிரித்தவர்களுக்குக் கை விறைத்துப் போயிருக்கும். வெதுவெதுப்பான மெழுகில் கையை ஏழெட்டு முறை முக்கி எடுத்து, மேலே துண்டைச் சுற்றி உட்கார வைப்போம். அதன்பிறகு இருபது நிமிடம் எங்களுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது...

நாங்கள் நாலு பெண்கள். சீனியர் நூர்ஜகான் அக்கா. எட்டு வருஷ சர்வீஸ். வாதம் வந்து படுத்த ஆளை, இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டி, "எந்திரிங்கண்ணே, வீட்டுக்குப் போகணும்ல" என்று சிரித்துக்கொண்டே நிற்க வைத்துவிடும். ஆள் என்னவோ ஒல்லிக்குச்சிதான். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், அக்கா சம்பளத்தில்தான் எல்லாம் ஓடியது.

அப்புறம் பிரபு வந்து சேர்ந்தான். காலேஜில் எனக்கு ஒரு வருஷம் ஜூனியர். எங்கள் டிபார்ட்மென்ட்டின் ஒரே ஆண். வந்த முதல் நாளே பேஷண்டுகளுக்கு அவன் "டாக்டர் தம்பி" ஆகிவிட்டான். எட்டு வருஷ அக்கா அப்போதும் "சிஸ்டர்"தான். அவனுக்கே வெட்கமாகப் போய், "டாக்டர் இல்லண்ணே, அக்காட்ட கேளுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு திரிவான்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சம்பள நாளில் ஒரு பால் பவுடர் டப்பா சுற்றி வரும். மாசம் முழுக்க டீ, வடை, பருத்திப்பால் எல்லாம் அந்த டப்பாவில் இருந்துதான். நூறு ரூபாய் சம்பளத்துக்கு ஒரு ரூபாய் போட வேண்டும். "கூட வாங்குறவுக கூட போடட்டும், அதான் நாயம்" என்று அக்கா வைத்த சட்டம்.

அக்கா நாற்பத்தைந்து போட்டது. நாங்கள் அதற்கும் கீழே. டப்பா பிரபுவிடம் போனது. அவன் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கணக்குப் போட்டு, அறுபது ரூபாயைப் போட்டான்.

எட்டு வருஷ அக்காவை விட அவனுக்கு ஆயிரத்து ஐந்நூறு கூட. அவனுக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. முகம் செத்துவிட்டது.

"அக்கா... அடுத்த மாசத்துலருந்து நானும் நாப்பத்தஞ்சே போடுறேன்."

"நீ கொறச்சுப் போட்டா எனக்குக் கூடிருமாடா? ஒழுங்கா போடு."

மறுநாள் காலையில் அக்கா எங்களிடம் வந்தது. "மேனேஜர்ட்ட கேக்கப் போறேன். எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்தான். சேந்து போனா ஒரு பேச்சு இருக்கும். வாரீகளா?"

மற்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். நான் சொன்னது இது: "பேஷண்டுக்கு மெழுகு வச்சிருக்கேன்க்கா. விட்டுட்டு வர முடியாது."

அந்த பேஷண்ட் அலங்காநல்லூர்க்காரர். மாடு பிடிக்கப் போய் மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர். நல்ல மனுஷன். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "நீங்க போய்ட்டு வாங்க சிஸ்டர், கை எங்கிட்டு ஓடிறப் போகுது" என்றார்.

நான் குனிந்து, ஏற்கெனவே சரியாக இருந்த துண்டை இன்னொரு முறை சரிசெய்தேன். அக்கா அந்தத் துண்டைப் பார்த்தது. "சரித்தா, நீ பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது.

கூடப் போனது யார் தெரியுமா... பிரபு. கூட வாங்கியவன் போனான், குறைவாக வாங்கிய நாங்கள் போகவில்லை.

உள்ளே நடந்ததை அவன்தான் பிறகு சொன்னான். மேனேஜர், "அவன் ஆம்பள, குடும்பத்தத் தூக்கி நிறுத்தணும்ல" என்றாராம். "எங்க வீட்டையும் நான்தான் சார் நிறுத்துறேன்" என்று அக்கா சொன்னதாம். "எனக்கு வேல கத்துக் குடுக்குறதே அக்காதான் சார்" என்று இவன் சொன்னானாம். கடைசியில் மேனேஜர், "நாலு பேரும் வந்திருந்தா யோசிக்கலாம். ஒரு ஆளுக்காக எப்புடிம்மா மாத்துறது" என்று அனுப்பிவிட்டார்.

நாலு பேரும் வந்திருந்தால்... அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அக்கா மட்டும் எப்போதும் போலவே இருந்தது. வடையில் பெரியதை எனக்கே எடுத்து வைத்தது. அது இன்னும் வலித்தது. இரண்டு வருஷம் கழித்து நான் வேறு இடத்துக்குப் போகும்வரை அக்காவின் நாற்பத்தைந்து நாற்பத்தைந்தாகவே இருந்தது.

இப்போது நான் அவனியாபுரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் டிபார்ட்மென்ட் ஹெட். இங்கேயும் பெண்கள்தான் அதிகம். டப்பா கிடையாது. டீக்காசை போனிலேயே சமமாகப் பிரித்து அனுப்பிவிடுகிறார்கள். யாருக்கு எம்புட்டு சம்பளம் என்று யாருக்கும் தெரியாது.

போன மாதம் சுகன்யா வந்து நின்றாள். மூன்று வருஷமாக இங்கே வேலை பார்க்கிற பிள்ளை.

"மேம், புதுசா சேந்த பையன்ட்ட நேராவே கேட்டேன். என்னைய விட கூடவாம். ஹெச்.ஆர்.ட்ட பேசப் போறேன். நீங்க... கூட வாரீங்களா?"

என் எதிரில் ஒரு டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் மெழுகில் முக்கி, கையில் துண்டைச் சுற்றியிருந்தேன்.

"இருபது நிமிஷம் இருக்கு. வா, போவோம்" என்றேன்.

இந்த மாதச் சம்பள நாளில் அவளுக்குச் சரிசெய்து போட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலமே நூர்ஜகான் அக்காவுக்குப் போன் போட்டேன். பேத்தி சத்தத்துக்கு நடுவே அக்கா முழுவதையும் கேட்டது. நானும் இத்தனை வருஷமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் சொன்னது பொய்க்கா. மன்னிச்சுரு."

அக்கா சிரித்தது.

"அடி போடி. துண்டு கட்டுனா இருபது நிமிஷம் சும்மா இருக்கலாம்னு ஒனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தானத்தா."