ராசிக்காரியின் விரல்கள்

தக்காளிப் பசுமைக்குடிலில் அவளுக்கு ராசிக்காரி என்று பெயர். செடியின் இடுக்கில் முளைக்கும் பக்கத் தளிர்களைக் கிள்ளி எடுப்பது வேலை. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. அவள் கை பட்டால் குலை குலையாகக் காய்க்கும் என்பார்கள். சொன்னால் போதுமே, அம்மணிக்குக் கால் தரையில் நிற்காது!

வரிசைக்கு வரிசை சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது அங்கே சட்டம். கழுவுவாள். ஆனால் போன வாரம் வேலை முடிந்த கையோடு, பச்சைக் கறை படிந்த விரல்களோடு, நேரே தங்கையின் தக்காளிக் குடிலுக்குப் போய்த் தளிர் கிள்ளிக் கொடுத்தாள். நம்ம வீட்டுச் செடிதானே என்ற அலட்சியம். தங்கையும் அவள் புருஷனும் பார்த்த வேலையை விட்டுவிட்டு அந்த ஒரு குடிலை நம்பித்தான் இருக்கிறார்கள்.

இன்று காலை வேலையிடத்தில் அவள் வரிசையில் இலைகள் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தன. செடி வைத்தியர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அந்த இலையைக் கிள்ளிப் போட்டா போயிடாதா சார்?"

"எங்கம்மா போகும்? இது வைரஸ் நோய். செல்லுக்கு செல் நடுவுல சுவர், சுவர்ல பொடி ஓட்டை. வைரஸால அதுல நுழைய முடியாது. அதனால ஓட்டையையே பெருசாக்கிக்கும். அப்படியே ஒவ்வொரு செல்லா நகர்ந்து நரம்பைப் பிடிச்சிடும். அப்புறம் செடி முழுக்க அதோட ராஜ்ஜியந்தான். நம்ம கண்ணுக்குத் தெரியறப்போ எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"ஒரு செடியிலருந்து இன்னொரு செடிக்கு?"

"கிள்ளுறப்போ கையில ஒட்டுற சாறு போதாதா?"

அவள் பாதி வேலையில் தங்கையின் குடிலுக்கு ஓடினாள்.

தங்கை வாசலிலேயே சிரித்தாள். "வாக்கா! நாலஞ்சு செடியில இலை வெளுத்துப் போச்சு. நானே கிள்ளிப் போட்டுட்டு மத்த வேலையைப் பாத்துட்டிருந்தேன்."

"கிள்ளிட்டியா? ஐயோ, பாவி நான்! இனி எதையும் தொடாதடி. என் கையாலதான் வந்துச்சு. அன்னைக்கு நான் கை கழுவல."

தங்கையின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "எந்தெந்தச் செடியைத் தொட்டே?"

ராசிக்காரி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒரே மூச்சில் குடில் முழுவதையும் முடித்துவிட்டேன் என்று அன்றைக்குப் பீற்றிக்கொண்டதே அவள்தானே.

"எல்லாத்தையும்."

உள்ளேயிருந்து தங்கை புருஷன் உற்சாகமாகக் குரல் கொடுத்தான். "உங்க அக்கா வந்தாச்சா? ராசியான கை, வாசல்ல நிக்க வைக்காதே, உள்ள கூட்டிட்டு வா!"